ரந்தாவில் குளிர்காலம் பார்ப்பது எப்படி

நவம்பர் முதல் மார்ச் வரை ரந்தாவில் யாரும் கம்பளி போட்டுக்கொள்வதில்லை. பிற்பகலில் தார்ச்சாலை கொதிக்கும், மாலையில் மழை கொட்டும், மறுநாள் மீண்டும் வெயில். ஆனால் சைபீரியாவிலும் வட சீனத்திலும் ஜப்பானிலும் நிலம் உறைகிற மாதங்கள் இவை. அங்கே தீனி கிடைக்காத பறவைகள் நம் வேலிக்கம்பிக்கு வந்து சேருகின்றன. ரப்பர் தரும் பால்மரங்கள் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக இலை கொட்டுவதும் இந்தப் பருவத்தில்தான். மலேசியாவில் சிரம்பானுக்குத் தெற்கே, எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தச் சிற்றூரில் இருந்துகொண்டே இவ்வளவையும் பார்க்கலாம். எங்கே நிற்பது, எதைக் கவனிப்பது, எதை எழுதி வைப்பது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன். கோலப்பிலாவிலோ கூலிமிலோ சுங்கை சிப்புட்டிலோ இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நிற்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். விடியுமுன் தோட்டத்து வீடுகளிலிருந்தும் தாமான் எனும் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்குவேன். மதியம் மறுபடி ஏற்றுவேன். இந்த வேலையில் ஓட்டும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம். தோட்ட முச்சந்தியில் தாமதமாக வரும் பிள்ளைக்காக, பள்ளி வாசலில் மணி அடிப்பதற்காக, சாலையோரத்தில் மழை விடுவதற்காக என்று எங்காவது நின்றுகொண்டே இருப்பேன். என் முறையும் அதிலிருந்து வந்ததுதான்: ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரந்தவறாமல் நிற்பது. புதிது புதிதாக இடம் தேடி அலைகிறவருக்கு எது வந்தது, எது போனது என்று தெரிய வழியில்லை. நேற்று வெறுமையாக இருந்த வேலிக்கல்லில் இன்று ஒரு பறவை உட்கார்ந்திருப்பது, நேற்றும் அந்தக் கல்லைப் பார்த்தவருக்குத்தான் புரியும்.

மூன்று இடங்கள் போதும். குட்டையாகப் புல் வெட்டிய ஒரு திடல், தண்ணீர் ஓடும் ஒரு வடிகால் அல்லது பாலம், மரங்கள் உள்ள ஒரு சாலையோரம். உங்கள் அன்றாட வழியில் இருப்பவையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகக் கிளம்பிப் போக வேண்டிய இடம் என்றால் மூன்றாவது வாரமே விட்டுப்போகும். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நில்லுங்கள். வெளிச்சம் வந்ததிலிருந்து காலை 9 மணி வரையும், மாலை 5 மணிக்கு மேல் இருட்டும் வரையும் நல்ல நேரம். நடுப்பகலில் பருந்துகளைத் தவிர மற்றவை அடங்கிவிடும்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். பள்ளி நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பேனா வேண்டாம், மழைத்துளி பட்டால் எழுத்து கரைந்துவிடும். தேதி, நேரம், இடம், முந்தைய இரவு மழை பெய்ததா, என்ன பார்த்தீர்கள், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பெயர் தெரியாவிட்டால் கவலை இல்லை, 'வாலைப் பக்கவாட்டில் ஆட்டியது' என்று எழுதியிருந்தால் பெயரைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். செய்கை எழுதாத குறிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தொலைநோக்கி வாங்குவதானால் 8x42 அளவு கைக்கு அடக்கமாக இருக்கும். கைப்பேசியில் மெர்லின் செயலி இலவசமாகக் கிடைக்கிறது, குரலைக் கேட்டே பெயர் சொல்லும். அது சொல்லும் பெயரை, பறவையைக் கண்ணால் பார்க்கும்வரை கேள்விக்குறி போட்டு எழுதுங்கள்.

தோட்டத்துக்குள் போவதானால் நுழைவாயில் காவலரிடமோ அலுவலகத்திலோ கேட்டுவிட்டுப் போங்கள். செம்பனை மட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் வரிசைக்குள் கை விடாதீர்கள், காலும் வைக்காதீர்கள். நாகமும் மலைப்பாம்பும் எலிக்காக அங்கேதான் கிடக்கும். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், ஆகவே காலில் புண் இருந்தால் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். இடி கேட்டால் திடலை விட்டு உடனே வெளியேறுங்கள்.

வேலிக்கம்பியில் ஒரு கீச்சான்

தொடங்குகிறவர்கள் பழுப்புக் கீச்சானில் தொடங்குங்கள். இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. மைனாவைவிடச் சிறிய பழுப்புப் பறவை, வெளிறிய வயிறு, கண்ணை மறைத்துக்கொண்டு போகும் கறுப்புப் பட்டை, நுனி வளைந்த தடித்த அலகு. செப்டம்பரில் வந்துவிடும். கண்ணுக்கு முன் காதுக்கு வரும்: விடியற்காலையில் வேலியோரப் புதரிலிருந்து கரகரவென்று, நிறுத்தாமல் யாரையோ ஏசுகிற குரல். என் வேனில் பின் இருக்கையில் உட்காரும் ஒரு சிறுமி, "ஆண்ட்டி, திட்டும் குருவி வந்துவிட்டது" என்று எனக்கு முன்பே சொல்லிவிடுவாள். அவள் சொன்ன தேதியைத்தான் என் நோட்டில் எழுதினேன்.

அந்தக் கூச்சலுக்குக் காரணம் இருக்கிறது. இங்கே வந்ததும் ஒவ்வொரு கீச்சானும் தனக்கென ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு கீச்சான் அதற்குள் நுழைந்தால் விரட்டும். முதல் வாரங்களில் எல்லைத் தகராறு அதிகம், சத்தமும் அதிகம். பிறகு அடங்கி, அந்தத் துண்டிலேயே குளிர்காலம் முழுவதும் வேட்டையாடும். காலில் வளையம் மாட்டிச் செய்த ஆய்வுகளில், அதே பறவை அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்பி வருவது தெரியவந்திருக்கிறது. முப்பது கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள உடம்பு வட ஆசியாவுக்குப் போய், குஞ்சு பொரித்து, திரும்ப ரந்தாவின் அதே வேலியைக் கண்டுபிடிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வேலியைச் சாதாரணமாகக் கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை.

பார்க்கும் முறை இது. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க உங்கள் இடத்தின் வரைபடத்தைப் போடுங்கள்: வேலிக்கல், மின்கம்பம், கொய்யா மரம், பெயர்ப்பலகை. கீச்சான் உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். சில வாரங்களில் புள்ளிகள் ஒன்றையொன்று சூழ்ந்து அதன் எல்லை தானாகத் தெரியும். பத்து மீட்டர் தள்ளி நின்றால் அது உங்களைப் பொருட்படுத்தாது. வாலை மெல்லச் சுழற்றியபடி கீழே பார்த்துக்கொண்டிருக்கும். திடீரென்று புல்லில் விழும். வெட்டுக்கிளியுடன் அதே கம்பிக்குத் திரும்பும். ஒரு காலால் இரையைப் பிடித்துக்கொண்டு அலகால் கிழிக்கும். முள்வேலி இருந்தால் முட்களையும் பாருங்கள். கீச்சான்கள் சில வேளை இரையை முள்ளில் குத்தி வைப்பதுண்டு.

திடல், வடிகால், மின்கம்பி

பள்ளித் திடலை மாணவர்கள் இறங்குவதற்கு முன் பாருங்கள். புல் வெட்டிய மறுநாள், இரவு மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. நீண்ட காலுடன் நிமிர்ந்து நிற்கும், முதுகில் பொன்னிறப் புள்ளி தெளித்த பறவைகள் இருந்தால் அவை பொன் உப்புக்கொத்திகள். நாலைந்து எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். சைபீரியாவின் மரமில்லாச் சமவெளியிலும் அலாஸ்காவிலும் முட்டையிடுகிற பறவை இது. நவம்பரில் பார்த்தவற்றை மார்ச் நடுவில் மறுபடி பாருங்கள். வயிற்றிலும் முகத்திலும் கறுப்புத் திட்டுகள் தோன்றியிருக்கும். ஊருக்குத் திரும்புவதற்கான இனப்பெருக்க நிறம் நம் கால்பந்துத் திடலிலேயே ஏறத் தொடங்கிவிடுகிறது. கோல்கம்பத்தின் பின்னால் நின்று கைப்பேசியில் படம் எடுத்து, வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள்.

வடிகாலில் இரண்டு பறவைகளைப் பார்க்கலாம். வயிறு மஞ்சளாக, வாலை மேலும் கீழும் ஆட்டினால் சாம்பல் வாலாட்டி. பின்னுடலையே குலுக்கிக்கொண்டு தண்ணீர் விளிம்பில் நடந்தால் உள்ளான். சாக்கடை என்று ஒதுக்காதீர்கள், அவற்றுக்கு அங்கே புழுவும் பூச்சியும் இருக்கின்றன.

மின்கம்பியில் தகைவிலான்கள். இங்கே கவனம் தேவை, ஏனென்றால் நம் ஊரிலேயே ஆண்டு முழுவதும் இருந்து பாலத்தடியில் கூடு கட்டும் தகைவிலானும் உண்டு. அதன் நெஞ்சில் கறுப்புப் பட்டை கிடையாது, வயிறு மங்கலாக இருக்கும். வடக்கிலிருந்து வருவதற்கு வெள்ளை வயிறு, கழுத்துச் சிவப்புக்குக் கீழே கருநீலப் பட்டை. வந்த புதிதில் வாலின் இரு நீண்ட இறகுகள் குட்டையாகவோ இல்லாமலோ இருக்கும். இங்கே தங்கியிருக்கும் மாதங்களில்தான் அது பழைய இறகை உதிர்த்துப் புதியதை வளர்க்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் வால் கம்பிகள் நீண்டு வருவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தி நேரத்தில் இவை கடைத்தெருக் கம்பிகளில் வரிசையாக வந்து அடையும் காட்சிக்குப் பகாங்கின் பெந்தோங் பெயர்போன ஊர். அந்தப் பக்கம் போகிறவர்கள் மாலை ஏழு மணி வரை இருந்து பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது என் கட்டாயச் சிபாரிசு. கம்பிக்கு நேர் கீழே நிற்காமல், எதிர்ப்பக்கக் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் நில்லுங்கள்.

அக்டோபர், நவம்பர் இரவுகளில் இன்னொன்று நடக்கும். தோட்டக்கள்ளன் இனத்துப் பறவைகள் இரவில்தான் பயணம் செய்கின்றன. விளக்கொளியில் திசை தடுமாறி வீட்டுக் கண்ணாடியில் மோதி விழும். பச்சை முதுகு, பளீரென்ற நீல இறக்கை, வாலடியில் சிவப்பு என்று இவ்வளவு நிறத்துடன் ஒரு பறவை காலையில் வாசலில் கிடந்தால் யாராவது வளர்த்த கிளி என்று நினைத்துவிடாதீர்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, அமைதியான இடத்தில் விடுங்கள். தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம். தெளிந்துவிட்டால் மாலையில் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள்.

பால்மரம்

இந்தப் பருவத்தில் நான் அதிகம் நேரம் செலவிடுவது பால்மரத்தடியில்தான். என் அம்மா பால் வெட்டியவர். பிள்ளை வயதில் வாளி தூக்கிக்கொண்டு அவர் பின்னால் பட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் உரிக்கப் போவேன். இலை கொட்டும் மாதம் வீட்டில் கை இறுக்கமான மாதம். மரம் புது இலைக்குச் சத்தைச் செலவிடுகிறபோது பால் குறையும், பால் வடியும் மங்கு நிறையாது, சம்பளமும் நிறையாது. "மரம் தனக்கே சமைத்துக்கொள்கிறது, நமக்கு எப்படித் தரும்" என்பார் அம்மா. அன்று நாங்கள் வேலை செய்த தோட்டம் இன்று முழுக்கச் செம்பனை. இப்போது மலேசிய ரப்பரில் பெரும்பங்கு சிறுதோட்டக்காரர்களுடையது. ரந்தாவைச் சுற்றியும் அப்படிச் சில ஏக்கர் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாலையோர மரம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பட்டையில் கீறி அடையாளம் வைக்காதீர்கள். சாலையில் நீங்கள் நிற்கும் இடத்தை ஒரு கம்பத்தையோ மைல்கல்லையோ வைத்து நினைவில் கொள்ளுங்கள். ஜனவரி முதல் வாரம்தோறும் அங்கிருந்து ஒரே கோணத்தில் ஒரு படம் எடுங்கள்.

நம் பக்கத்தில் இலையுதிர்வு ஏறக்குறைய ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை. மழை குறைந்த ஆண்டில் விரைவாகவும் ஒழுங்காகவும் நடக்கும். மழை விடாத ஆண்டில் இழுத்துக்கொண்டே போகும். முதலில் உச்சிக் கிளைகளில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, சில மரங்களில் நல்ல சிவப்பு. ஒட்டுக்கன்று நட்ட தோட்டமாக இருந்தால், உதாரணமாக எல்லாம் ஆர்.ஆர்.ஐ.எம். 600 வகை என்றால், வரிசை முழுவதும் சில நாள் இடைவெளிக்குள் நிறம் மாறும். விதையிலிருந்து தானாக முளைத்த மரங்கள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மாறும். ஒரு மரம் மொட்டை, பக்கத்து மரம் பச்சை என்று கண்டால் அவை விதைமரங்களாக இருக்கலாம்.

கீழே விழுந்த இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று இலைகள். நிறம் ஒரே சீராக மாறியிருந்தால் அது பருவத்து உதிர்வு. வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி விழுந்த இலை, அதுவும் மழைக்காலத்தில், வேளையில்லா வேளையில் கொட்டினால் அது நோய். பெஸ்டலோடியோப்சிஸ் என்ற பூஞ்சையுடன் சேர்த்துச் சொல்லப்படும் இலையுதிர் நோய் 2017 முதல் மலேசியாவில் பதிவாகியிருக்கிறது. சொந்தக்காரர் கவனிக்காமல் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் படங்களைக் காட்டுங்கள்.

மரம் மொட்டையாக நிற்கும் இரண்டு மூன்று வாரங்களைத் தவறவிடாதீர்கள். ஆண்டு முழுவதும் இருட்டாக, கொசு மொய்த்துக் கிடக்கும் இடத்தில் வெயில் தரைவரை இறங்கும். காய்ந்த சருகு மேல் எது நடந்தாலும் சத்தம் கேட்கும், ஆகவே கொடிக்கால் வாலாட்டியைத் தேட இதுவே வேளை. நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை உள்ள சிறு பறவை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். சருகோரமாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். சரசரவென்று ஓர் ஓட்டம், ஒரு நிறுத்தம், மறுபடி ஓட்டம் என்று கேட்டால் அந்தத் திசையில் பாருங்கள்.

பிறகு தளிர். செம்பு நிறத்தில், எலும்பில்லாமல், பிழிந்து போட்ட ஈரத்துணி போலத் தொங்கும். வாடிவிட்டது என்று புதியவர்கள் நினைப்பார்கள். சில நாட்களில் அது நிமிர்ந்து, பச்சையாகி, விறைக்கும். தொங்கும் கட்டத்திலிருந்து நிமிரும் கட்டம் வரை, கைக்கு எட்டக்கூடிய ஒரு கிளையைப் பிடித்துக் காம்பின் நுனியைப் பாருங்கள். மூன்று இலைகளும் பிரியும் அந்த மூட்டில், மேல்பக்கம், கடுகளவில் சிறு முண்டுகள் இருக்கும். விரல் நுனியால் தொட்டால் பிசுபிசுக்கும், நாக்கில் வைத்தால் இனிக்கும். பூவே இல்லாமல் இலைக்காம்பில் சுரக்கிற தேன் இது. எறும்புகள் வரிசை பிடித்து ஏறுவதும், தேனீக்கள் பூவில்லாத மரத்தில் இரைவதும் இதற்காகத்தான். பால்மரத் தேன் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்த முண்டுகளிலிருந்து வருவது. பூ அதன்பின் வரும், வெளிர்மஞ்சளாக, மிகச் சிறியதாக, நல்ல மணத்துடன். அதிலிருந்து வரும் காய் ஐந்தாறு மாதம் கழித்து வெயிலில் பட்டென்று வெடிக்கும். அந்த ஓசைக்கும் நோட்டில் இடம் விட்டு வையுங்கள்.

தளிர் விடும் வேளையில் மழை தூறிக்கொண்டே இருந்தால் தளிரின் மேல் வெள்ளை மாவு படரும், சுருங்கும், விழும். தரையில் செம்பு நிறக் குட்டி இலைகள் கிடந்தால் இதுதான் காரணம். முன்பு தோட்டங்களில் விடியற்காலையில் கந்தகத் தூள் அடித்தது இந்தப் பூஞ்சைக்காக. மரம் மறுபடி ஒரு முறை தளிர்க்க வேண்டியிருக்கும், பால் குறையும் காலமும் நீளும்.

செம்பனைக்குள் இரண்டு காட்சிகள்

செம்பனைக்குக் குளிர்காலம் கிடையாது, எல்லா மாதமும் பூக்கும், காய்க்கும். ஆனாலும் பறவைகள் அடங்கிவிட்ட மழைநாளில் போய்ப் பார்க்க அங்கே ஒன்று இருக்கிறது. இடுப்பளவு உயரத்தில் பாளை விடும் இளம் மரங்களைத் தேடுங்கள். ஆண் பாளை விரல் விரலாகக் கதிர் நீட்டிக்கொண்டிருக்கும். விரிந்த நாளில் சோம்பு வாசனை தூக்கலாக வரும். முகத்தை அருகில் கொண்டுபோங்கள். அரிசியைவிடச் சிறிய கருமையான வண்டுகள் கதிர் முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும். கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை. அதற்கு முன் பெண் பாளைகளுக்கு ஆட்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவினார்கள். பெரும்பாலும் பெண்கள். என் பெரியம்மா அந்த வேலை பார்த்தவர். இன்று அதைச் செய்வது இந்த வண்டுகள்.

இன்னொன்று ஆந்தைப் பெட்டி. எலியைக் கட்டுப்படுத்தத் தோட்டங்களில் கம்பத்தில் பெட்டி வைத்து வெண்கூகைகளைத் தங்க விடுகிறார்கள். பெட்டிக்கு ஏறாதீர்கள், விளக்கு அடிக்காதீர்கள். கீழே வெள்ளை எச்சம் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். அருகில் கட்டைவிரல் நீளத்தில் கருஞ்சாம்பல் உருண்டைகள் கிடக்கும். கூகை செரிக்காமல் கக்கியவை. கையுறை போட்டுக்கொண்டு குச்சியால் பிரித்தால் மயிருக்குள் எலி மண்டை ஓடு முழுசாக, ஆரஞ்சு நிறப் பல்லுடன் கிடைக்கும். என் வேன் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தமான பாடம் வேறு இல்லை. பெற்றோரில் சிலருக்கு அருவருப்பாக இருந்தது. கை கழுவ வைத்தேன், பாடத்தை நிறுத்தவில்லை.

மழையை வைத்துப் பூவைப் பிடிப்பது

சாலையோரத்துப் பழைய அங்சானா, தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் புறா ஆர்க்கிட் ஒட்டி வளர்ந்திருக்கும். பூ இல்லாதபோது காய்ந்த குச்சிக் கட்டு என்றுதான் தோன்றும். பெருமழை திடீரென்று வெக்கையைத் தணித்து வெப்பநிலையை ஐந்து பாகை அளவுக்கு இறக்கினால், அந்தக் குளிர்ச்சியில் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒன்பதாம் நாள் வட்டாரத்திலுள்ள அத்தனை செடிகளும் ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும். மாலைக்குள் வாடிவிடும். எனவே அப்படிப்பட்ட மழை பெய்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, ஒன்பது நாள் எண்ணி, அன்று காலை ஜன்னலைத் திறந்துகொண்டு வண்டி ஓட்டுங்கள். மணம் முதலில் வரும். எட்டாம் நாளும் பத்தாம் நாளும்கூடப் பாருங்கள், செடி நம் நாட்காட்டியைப் பார்த்துப் பூப்பதில்லை.

வறட்சிக்குப் பூப்பவை வேறு. ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு மூன்று வாரம் மழை நின்றால், அதை எழுதி வைத்துக்கொண்டு டெக்கோமா மரங்களையும் டுரியான் கிளைகளையும் கவனியுங்கள். டுரியான் பூ பிற்பகல் கடைசியில் விரியும், இரவில் தேன் வௌவால்கள் வரும், விடிந்தால் இதழும் மகரந்தக் காம்பும் தரை முழுக்கக் கிடக்கும். அந்தத் தரையைப் பார்த்த தேதியிலிருந்து மூன்றரை, நான்கு மாதம் எண்ணினால் பழம் விழும் காலம்.

நிழலையும் அளக்கலாம்

டிசம்பர் 21 வாக்கில், பிற்பகல் 1.10க்குத் திடலில் நேராக நில்லுங்கள். நிழல் வடக்கே விழும், உங்கள் உயரத்தில் ஏறத்தாழ பாதி இருக்கும். மார்ச் 27 வாக்கில், 1.15 கடந்ததும் அதே இடத்தில் நின்றால் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே. விடியலும் நகர்கிறது. நவம்பர் தொடக்கத்தில் ஏழு மணிக்குச் சற்று முன் உதிக்கிற சூரியன் பிப்ரவரி தொடக்கத்தில் ஏழரையை ஒட்டித்தான் உதிக்கும். பிள்ளைகளை இருட்டில் ஏற்றுகிற எனக்கு இந்த அரை மணி நேரம் நன்றாகவே தெரியும். குறிப்பில் 'காலை 7' என்று மட்டும் எழுதாமல், வெளிச்சம் எப்படி இருந்தது என்பதையும் எழுதுவது இதற்காகத்தான். பறவைகள் வெளிச்சத்தைப் பார்த்து எழுகின்றன.

மார்ச்சில் தஞ்சோங் துவான்

ஓராண்டில் ஒரே ஒரு பயணம்தான் போக முடியும் என்றால் மார்ச்சில் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்குப் போங்கள். கலங்கரை விளக்கம் இருக்கும் அந்தக் காட்டு முனை நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தாலும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து சுமாத்ராப் பக்கம் ரூப்பாட் தீவு சுமார் 38 கிலோமீட்டர். பருந்துகள் வெப்பக் காற்றில் ஏறி, இறக்கையை அடிக்காமல் மிதந்து பயணம் செய்பவை. கடல் மேல் அந்தக் காற்று எழும்புவதில்லை. அதனால் கடல் மிகக் குறுகிய இடத்தைத் தேர்ந்து கடக்கின்றன. குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு ஜப்பானுக்கும் சைபீரியாவுக்கும் திரும்பும் தேன் பருந்துகள் பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் முழுவதும் இந்த முனையில் கரையேறுகின்றன.

காலை 11 முதல் பிற்பகல் 3 வரை விளக்கின் அருகே இருங்கள். தொப்பி, தண்ணீர், சாப்பாடு எல்லாம் கையோடு. குரங்குகள் இருக்கின்றன, பையை மூடி வையுங்கள். கடலை நோக்கிக் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள்; நீரை ஒட்டி, களைத்து, இறக்கை அடித்துக்கொண்டு வரும் புள்ளிகள்தான் பருந்துகள். கரையைத் தொட்டதும் குன்றின் வெப்பக் காற்றைப் பிடித்துச் சுழன்று சுழன்று மேலே ஏறும். அப்போது சில, மர உச்சியை உரசிக்கொண்டு தலைக்கு மேலேயே போகும். சிறிய தலை, நீண்ட கழுத்து, அகன்ற இறக்கை, வாலில் பட்டை. கூடவே வல்லூறு இனங்களும் சாம்பல் முகப் பருந்தும் வரலாம். மலேசிய இயற்கைக் கழகம் 2000 முதல் மார்ச்சில் இங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சி நடத்திவருகிறது. முதன்முறை போகிறவர்கள் அந்த நாளில் போனால் பெயர் சொல்லித்தர ஆள் இருப்பார்கள். போக முடியாதவர்கள் தென்மேற்குக் காற்று லேசாக அடிக்கிற மதியத்தில் வீட்டு வாசலிலிருந்தே மேலே பாருங்கள். கரையேறியவை உள்நாட்டுப் பக்கம்தான் தொடர்ந்து போகின்றன. பள்ளி வாசலில் மதிய மணிக்குக் காத்திருக்கும்போது செம்பனைக்கு மேலே சுழன்ற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். செந்நிற உடலும் வெள்ளைத் தலையுமாக இருந்தால் அது நம் ஊர்ச் செம்பருந்து, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதே மாதம் மின்கம்பியில் பஞ்சுருட்டான்களின் கைமாற்றமும் நடக்கும். குளிர்காலம் முழுக்க இருந்தது பச்சைத் தலையும் பழுப்புத் தொண்டையும் உள்ள நீலவால் பஞ்சுருட்டான். பிப்ரவரி, மார்ச்சில் செம்பழுப்புத் தலையும் நீலத் தொண்டையுமாக வேறொரு பஞ்சுருட்டான் வரத் தொடங்கும். அது இங்கே மணலில் வளை தோண்டி முட்டையிட வருகிறது. ஒரே கம்பியில் இரண்டும் உட்கார்ந்திருக்கும் நாள் கிடைத்தால் தேதியின் கீழ் கோடு போடுங்கள்.

போன நாளை எழுதுவது

வந்த நாளை எழுதுவது எளிது. கண்ணில் பட்டதும் எழுதிவிடலாம். போன நாளை அப்படி எழுத முடியாது. இன்று காணவில்லை என்றால் நாளை இருக்கலாம். அதனால் மார்ச் தொடங்கியதும் நோட்டில் ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பெயர்கள்: கீச்சான், உப்புக்கொத்தி, தகைவிலான், சாம்பல் வாலாட்டி, கொடிக்கால் வாலாட்டி, நீலவால் பஞ்சுருட்டான். மேலே தேதிகள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இருந்தால் ஒரு கோடு, பத்து நிமிடம் நின்றும் இல்லாவிட்டால் ஒரு பூஜ்யம், நிற்க முடியாத நாளுக்கு வெற்றிடம். பூஜ்யத்தையும் வெற்றிடத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒன்று பார்த்து இல்லை என்பது, மற்றது பார்க்கவே இல்லை என்பது. மே நடுவரை தொடருங்கள். கடைசிக் கோடு எந்தத் தேதியில் விழுந்ததோ அதுவே போன நாள். பிறகு இரண்டு தேதிகளையும் பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஊர்ப் பெயருடன் பதிவு செய்யுங்கள். தோட்டப்புற ஊர்களிலிருந்து போகும் குறிப்புகள் அங்கே இன்னும் வேண்டும். நோட்டின் அடுத்த பக்கத்தில் செப்டம்பர் 1 என்று தேதி போட்டு வையுங்கள்.